துபாயில் திருப்பூருக்கு ஒரு பொதுக் கிடங்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியப் பொருட்களை இருப்பு வைத்து மொத்தமாக விற்பதற்காகத் துபாயின் ஜெபல் அலி தடையற்ற வர்த்தக மண்டலத்தில் அமையவுள்ள பாரத் மார்ட் வளாகம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த வளாகத்தைப் பலரும் ஒரு பெரிய கண்காட்சிக் கூடம் போலவே பேசுகிறார்கள். திருப்பூரில் சிறிய அளவில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கோ, வாங்குபவரின் கைக்கெட்டும் இடத்தில் சரக்கை இருப்பு வைக்க முடிவதே அதன் உண்மையான பயன்.

நைரோபியிலோ தாருஸ்ஸலாமிலோ மொத்தக் கடை நடத்துபவர் ஒரே ரகத்தில் பத்தாயிரம் பீஸ் கேட்பதில்லை. குழந்தைகள் டி-ஷர்ட்டில் சில பெட்டிகள், ஆண்கள் பனியனில் சில பெட்டிகள் என்று கலந்துதான் கேட்பார். துணியைத் தடவி, கழுத்து ரிப்பை இழுத்துவிட்டு அது பழையபடி சுருங்குகிறதா என்று பார்த்து, உட்புறத் தையலைத் திருப்பிப் பார்த்த பிறகே விலை பேசுவார். பேசி முடித்தால் உடனே சரக்கு வேண்டும் என்பார். நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் முடிந்து கப்பலேறும் வரை அவரைக் காத்திருக்கச் சொன்னால், அந்த ஆர்டர் நமக்கு இல்லை. அவரைப் போன்றவர்களில் சிலர் திருப்பூரில் உள்ள நம் காதர்பேட்டை ஆடைச் சந்தை வரைக்கும் வந்து வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் பல நாட்டுச் சரக்கையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்பதால் துபாய்க்குப் போகிறவர்களே அதிகம். இதைச் சீனர்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். சீனப் பொருட்களை விற்கும் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள டிராகன் மார்ட் என்ற வளாகம் அங்கே 2004-லேயே திறக்கப்பட்டுவிட்டது.

ஜெபல் அலி போன்ற தடையற்ற வர்த்தக மண்டலத்தில் இறக்கி வைக்கும் சரக்கு, அங்கிருந்து வேறு நாட்டுக்குப் போனால் அமீரகச் சுங்கவரி கிடையாது. அமீரகத்துக்குள் விற்றாலும், 2022 மே 1 முதல் நடப்பில் உள்ள இந்திய - அமீரக வர்த்தக ஒப்பந்தத்தின்படி, சரக்கு இந்தியாவில் தயாரானது என்பதற்கான உரிய தோற்றச் சான்று இருந்தால் நம் ஆடைகளுக்கு முன்பிருந்த 5 சதவீத வரி இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது, அந்த ஒரு சந்தையையே நம்பியிருந்த கம்பெனிகள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். அப்போது வேறு சந்தை தேடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படிப்பட்ட வேறு சந்தைகளுக்குப் போகும் வழிகளில் ஒன்று இந்தத் துபாய் வளாகம்.

ஐம்பது தையல் மெஷின் ஓட்டும் ஒருவரால் அங்கே தனியாகக் கடை எடுத்து, வாடகை கட்டி, ஆள் வைக்க முடியாது. ஆகவே மாநில அரசும் நம் ஏற்றுமதியாளர் சங்கங்களும் சேர்ந்து ஒரு பொதுக் கிடங்கையும் மாதிரி அறையையும் எடுத்து, சிறு நிறுவனங்களுக்கு இத்தனை ரேக் என்று பங்கிட்டுத் தர வேண்டும். கூடவே வங்கிகளும் சற்று இறங்கி வர வேண்டும். பேக்கிங் கிரெடிட், அதாவது ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க வங்கி தரும் கடன், பெரும்பாலும் கையில் உள்ள ஆர்டரையோ எல்.சி.யையோ (பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) பார்த்தே கிடைக்கிறது. துபாய்க் கிடங்கில் விற்பனைக்குக் காத்திருக்கும் சரக்கின் பேரிலும் கடன் தர ஒரு வழிமுறை வகுக்கப்படாவிட்டால், அந்த ரேக்குகளைப் பெரிய நிறுவனங்கள் மட்டுமே நிரப்பும்.

இப்படிக்கு,
பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவர்,
திருப்பூர்.