டைட்டானியம் ஆக்சைடு என்றால் வெள்ளை மட்டுமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் டைட்டானியம் டை ஆக்சைடு பற்றிய கட்டுரை படித்தேன். பெயிண்ட், சன்ஸ்கிரீன், ஒளி வினையூக்கி என்று பயன்களைத் தெளிவாகச் சொல்லியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் ஆக்சிஜன் குறைந்த ஆக்சைடுகளை ‘குறைபாடுள்ளவை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த வெள்ளைத் தூளை ஹைட்ரஜனில் 1000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் கருநீலமாகிவிடும். 4 டைட்டானியத்துக்கு 8 ஆக்சிஜன் இருந்த இடத்தில் 7தான் மிஞ்சும். அப்போது டைட்டானியத்தில் பாதி 4 எலக்ட்ரான்களையும் மீதி 3 எலக்ட்ரான்களையும் இழந்த நிலையில் இருக்கும். கலப்பு இணைதிறன் என்பது இதுதான்.

சரி, போன ஆக்சிஜனின் இடமெல்லாம் ஓட்டையாகச் சிதறிக் கிடக்குமா? கிடக்காது. டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவமான ரூட்டைலில் ஒவ்வொரு டைட்டானியத்தையும் 6 ஆக்சிஜன் சூழ்ந்த எண்முகிகள், முனைகளையும் விளிம்புகளையும் பகிர்ந்து நிற்கின்றன. ஆக்சிஜன் குறையும்போது சில தளங்களில் படிகமே சற்று நகர்ந்து, எண்முகிகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்கின்றன. இந்தத் தளங்கள் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். 1950களில் சுவீடனின் ஆர்னே மேக்னெலியும் உடன் ஆய்வாளர்களும் எக்ஸ்ரே மூலம் இந்த ஆக்சைடு வரிசையை வெளிக்கொண்டுவந்தார்கள். இவ்வளவு ஒழுங்கை எப்படிக் குறைபாடு என்பது?

அறை வெப்பநிலையில் இந்தக் கருநீல ஆக்சைடு உலோகம் போல மின்சாரத்தைக் கடத்துகிறது. சுமார் 150 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால், 3 எலக்ட்ரான் இழந்த டைட்டானியங்கள் ஜோடி சேர்ந்து எலக்ட்ரான்களைக் கட்டிப்போட, கடத்துதிறன் சட்டென்று விழுகிறது. 130 கெல்வினுக்குக் கீழே அந்த ஜோடிகள் வரிசையில் நிலைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஜோடிகள் உண்டு, வரிசை கிடையாது. திண்மப் பொருளுக்குள் இப்படியொரு இடைநிலை இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இது ஆய்வகத்தோடு நிற்கும் விஷயமும் அல்ல. அரிப்பைத் தாங்குவதால் கழிவுநீரிலுள்ள கரிம மாசுகளைச் சிதைக்கும் மின்முனையாக இதே ஆக்சைடு பயன்படுகிறது. 3 டைட்டானியத்துக்கு 5 ஆக்சிஜன் கொண்ட இன்னொன்று, அறை வெப்பநிலையிலேயே ஒளி பட்டால் ஒரு படிக அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறித் திரும்பும் என்று 2010இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஷினிச்சி ஓகோஷி குழு காட்டியது. அப்புறம், லித்தியம் சேர்ந்த, ஸ்பினல் என்ற படிக அமைப்புள்ள டைட்டானியம் ஆக்சைடு 12 கெல்வினை ஒட்டி மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகிறது. அதிலும் டைட்டானியம் கலப்பு இணைதிறனில்தான் இருக்கிறது.

இவற்றைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். கூடவே எண்முகி அடுக்குகளின் படத்தையும் பெரிதாகப் போடுங்கள். எழுத்தில் மட்டும் படித்தால் அந்த நகர்வு பிடிபடாது.

இப்படிக்கு,
பொருளறிவியல் ஆய்வு மாணவி