கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட இடம் வேண்டும்

தென்னாப்பிரிக்கா, டர்பன் வட்டாரத்து மாரியம்மன் கோயில் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். குழந்தைகள் வார்டிலும் தடுப்பூசிக் கிளினிக்கிலும் 34 ஆண்டுகள் செவிலியாக இருந்துவிட்டு, இப்போது சாட்ஸ்வர்த்தில் பேரன் பேத்திகளோடு காலம் தள்ளுகிறேன். நான் எழுதுவது சனிக்கிழமை வகுப்பில் கற்ற தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம்தான். அம்மன் சன்னிதியில் நடந்ததைப் பற்றி அம்மனுக்குத் தெரிந்த மொழியிலேயே பேசலாம் என்று தோன்றியது.

போன ஆடியில் உங்கள் கோயில்களில் ஒன்றில், பெயர் வேண்டாம், பூசை முடிந்து கூழ் ஊற்றுவதற்கு முன்னால் ஒருவரிடம் மைக்கைக் கொடுத்தீர்கள். இயற்கை வைத்தியர் என்று அறிமுகம் செய்தீர்கள். இருபது நிமிடம் பேசினார். கைக்குழந்தைக்குப் போடும் ஊசி எல்லாம் விஷம் என்றார். அதனால் வரும் கேடுகளை டாக்டர்கள் ஒன்றுகூடி மறைக்கிறார்கள் என்றார். தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்றார். கூட்டம் தலையாட்டியது. நானும் கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். கோயிலில் சண்டை எதற்கு என்று நினைத்தேன். அந்த மௌனம்தான் என்னை இந்த மடல் எழுத வைத்திருக்கிறது.

என் தெருவில் இருக்கும் ஒரு பெண்ணும் அன்று பக்கத்தில் நின்றாள். இடுப்பில் மூன்று மாதக் குழந்தை. அடுத்த வாரம் அதற்கு 14 வார ஊசி போட வேண்டும். அவள் போகவில்லை. நான் சொல்லியும் போகவில்லை. 'கோயிலிலேயே சொன்னார்களே ஆன்ட்டி' என்றாள். ஆறு மாதம் தாண்டிய பிறகு, பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தட்டம்மையோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் என்னோடு கிளினிக்குக்கு வந்தாள். விட்டுப்போன ஊசிகளைப் போட்டார்கள். வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்தை மட்டும் கொடுக்கவில்லை. 24 வாரம் தாண்டினால் அதைக் கொடுக்கக் கூடாது என்றாள் அங்கிருந்த செவிலி. 'விஷம் என்றால் கொடுக்கிறீர்கள், வேண்டும் என்று வந்தால் கொடுக்க மாட்டீர்களா?' என்று இவள் சத்தம் போட்டாள். நியாயமான கேள்விதான். வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்த பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1998இல் முதல் ரோட்டா தடுப்பு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஓர் ஆண்டுக்குள் ஏறத்தாழ 15 லட்சம் டோஸ் கொடுத்துவிட்டார்கள். அப்போது சில குழந்தைகளுக்குக் குடல் செருகிக்கொள்கிறது என்று புகார்கள் வந்தன. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும். உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. எத்தனை புகார்கள் தெரியுமா? பதினைந்து. அந்தப் பதினைந்தை வைத்து 1999 ஜூலையில் மருந்தை நிறுத்தினார்கள். சில மாதங்களில் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பிறகு கணக்கிட்டபோது பத்தாயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரக்கூடிய ஆபத்து என்று தெரிந்தது. அடுத்து வந்த இரண்டு மருந்துகளையும் தலா 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த பிறகே அனுமதித்தார்கள். வயது கூடினால் குடல் செருகும் வாய்ப்பும் கூடும் என்பதால்தான் இந்த 24 வார எல்லை. மறைக்கிறவர்கள் ஊசி அட்டையில் எல்லைக்கோடு போட்டு வைப்பார்களா?

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பாதி சொன்னவளாவேன். மருந்தை நிறுத்தியிருந்த அந்த ஆண்டுகளில் உலகில் ஆண்டுதோறும் நான்கு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் ரோட்டா வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் நம்மைப் போன்ற நாடுகளில். கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்க, நரம்பு கிடைக்காமல் உச்சந்தலையில் ஊசி ஏற்றிய குழந்தைகளை எத்தனை இரவு பார்த்திருக்கிறேன்! நம் அரசு கிளினிக்குகளில் இந்தச் சொட்டு மருந்து 2009இல்தான் வந்தது.

அது வருவதற்கு உழைத்தவர்களில் ஒருவர் ஜோஹன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ஷபீர் மாதி. குழந்தை மருத்துவத்திலிருந்து தடுப்பூசி ஆய்வுக்குப் போனவர். தென்னாப்பிரிக்காவிலும் மலாவியிலும் ஏறத்தாழ 5,000 குழந்தைகளிடம் ரோட்டா மருந்தைச் சோதித்து அவர் குழு 2010இல் முடிவை வெளியிட்டது. கடும் வயிற்றுப்போக்கை இங்கே 77 சதவீதம் தடுத்தது, மலாவியில் 49 சதவீதம்தான். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டார்கள். அதற்கு முன் சோவெட்டோவில் ஏறத்தாழ 40,000 குழந்தைகளோடு நடந்த, இரத்தத்திலும் மூளை உறையிலும் கடும் தொற்று தரும் நியூமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி ஆய்விலும் அவர் இருந்தார். எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகளுக்கு 83 சதவீதப் பாதுகாப்பு, உள்ளவர்களுக்கு 65 என்று 2003இல் வெளியிட்டார்கள். எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளை ஆய்விலிருந்து தள்ளிவைத்திருந்தால் எண் அழகாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஊசி அதிகம் தேவைப்பட்டது.

2021 பிப்ரவரி உங்களுக்கு நினைவிருக்கும். இந்தியாவிலிருந்து 10 லட்சம் டோஸ் அஸ்ட்ராஜெனிகா கொரோனா ஊசி வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த ஊசியை இங்கே சோதித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரே மாதிதான். நம் நாட்டில் அப்போது பரவிய பீட்டா வகையின் லேசான, நடுத்தர நோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று அவரே நாட்டுக்கு அறிவித்தார். தன் ஆய்வு தோற்றதைத் தானே சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? ஆனாலும் கடும் நோயிலிருந்து முதியவர்களைக் காக்கக்கூடும், தூக்கி எறியாதீர்கள் என்று அரசோடு வாதாடினார். அரசு கேட்கவில்லை. யார் சொன்னது சரி என்று என் வீட்டிலேயே சண்டை நடந்தது, அதை விடுங்கள். மறுஆண்டு ஆகஸ்டில் ஒரு மரணத்துக்கு ஜான்சன் ஊசியே காரணம் என்று நம் மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாப்ரா வெளிப்படையாக அறிவித்தது. உங்கள் மைக்கில் பேசியவர் சொன்ன 'மறைப்பு' இதுதானா?

ஆட்டிசம் கதைக்கு இரண்டு வரி போதும். 1998இல் லண்டனில் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை. 2010இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது, எழுதியவர் மருத்துவர் பதிவையும் இழந்தார். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் சொன்னார்கள்: தொடர்பு இல்லை.

நான் அம்மனை மறுப்பவள் அல்ல. எனக்கு அம்மை வார்த்தபோது ஆயா வாசலில் வேப்பிலை கட்டினாள், தாளிக்கும் வாசனைகூட வரக் கூடாது என்றாள், யாரையும் உள்ளே விடவில்லை. செவிலிப் படிப்பில் தனிமைப்படுத்தல் என்ற பாடம் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயா இதைப் புத்தகம் இல்லாமலே செய்தாள். அதே ஆயாவின் கையில் அம்மை குத்திய தழும்பும் வட்டமாக இருந்தது. வேப்பிலையும் தழும்பும் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் இருந்தன. 1980இல் பெரியம்மை உலகை விட்டே போனபோது ஆயா சொன்னாள், 'ஆத்தா கோபம் தணிந்தாள்' என்று. நான் திருத்தவில்லை.

தட்டம்மை அப்படிப் போய்விடவில்லை. 2009 முதல் 2011 வரை நம் நாட்டில் பரிசோதனையில் உறுதியானவர்களே 18,000க்கும் மேல். 2022 அக்டோபரில் லிம்போபோவில் தொடங்கி மறுபடியும் மாகாணம் மாகாணமாகப் பரவியது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்காவது இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் அதை நிறுத்த முடியும். ஆறாம் மாதம் ஒன்று, பன்னிரண்டாம் மாதம் ஒன்று. இரண்டாவதைத்தான் நம்மவர்கள் அதிகம் மறக்கிறார்கள். குழந்தை நடக்க ஆரம்பித்ததும் கிளினிக் அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது.

ஆகவே வரும் ஆடியில், கூழ் ஊற்றும் நாளன்று, அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு மேசைக்கு இடம் விடுங்கள். தாய்மார்களை, குழந்தையின் ஊசிக் கணக்கு இருக்கும் 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தோடு வரச் சொல்லி முந்தின வாரமே அறிவியுங்கள். எது விட்டுப்போயிருக்கிறது, எங்கே போக வேண்டும் என்று மட்டும் பார்த்துச் சொல்வோம். கோயிலில் யாருக்கும் ஊசி குத்தமாட்டோம். ஓய்வுபெற்ற தோழிகள் மூவர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். மைக்கில் மருத்துவம் பேச யாராவது கேட்டால், குழந்தை மருத்துவர் ஒருவரையும் அதே மேடைக்குக் கூப்பிடுங்கள். கேள்வி கேட்க மக்களுக்கும் நேரம் கொடுங்கள். அவரிடமும் கடுமையாகவே கேட்கட்டும்.

மடக்கு மேசையும் நாற்காலிகளும் என் வீட்டில் இருக்கின்றன. எந்தப் பக்கம் போடுவது என்று சொல்லிவிட்டால் காலை ஏழு மணிக்கே கொண்டுவந்துவிடுகிறேன். நிழல் உள்ள பக்கமாக இருந்தால் நல்லது, கைக்குழந்தைகள் வருவார்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற செவிலி