வாளியோடு வந்த அங்கிளுக்கும் மற்ற எல்லாருக்கும்

எங்கள் வீட்டுக் கொய் மீன் குளத்தில் பில்டரைக் கழுவப்போய்த் தண்ணீர் கெட்டுப்போன கதை உங்களுக்குத் தெரியும், அதை முழுதாகத் திரும்பச் சொல்லவில்லை. இன்று காலை ஒன்பது கொய் மீன்களும் மேலே வந்து இரை எடுத்தன, பெரிய வெள்ளையும்தான். தண்ணீரில் மீனுக்கு நஞ்சாகும் அமோனியாவும் நைட்ரைட்டும் மூன்றாவது நாளாகப் பூச்சியம். அதைப் பார்த்த கையோடு இதை எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தையில் நல்ல மழை. ஒன்பது மணிபோல கேற்றடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது, பார்த்தால் கொட்டாஞ்சேனை அங்கிள். மூன்று வருடத்துக்கு முன் அவரிடம் இரண்டு குஞ்சு வாங்கியிருந்தேன், அவ்வளவுதான் பழக்கம். கால்களுக்கு நடுவே ஒரு நீல வாளியை இறுக்கிப் பிடித்திருந்தார், மேலே ஈரத் துவாய், பக்கத்தில் பற்றரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டார். வாளிக்குள் மீன் இல்லை. அவருடைய பில்டரில் இருந்து கழற்றிய நாலு ஸ்பொஞ்ச், மண்ணிறமாக, தொட்டால் வழுக்கும், மழைக்குப் பிறகு கிளறிய மண்போல ஒரு மணம்.

கழுவிவிட்டுப் போடுவோம் என்று நான் பைப்பைத் திறக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். "பிள்ளை, இந்த அழுக்கைக் கொண்டு வரத்தான் நான் வந்தனான்."

பிறகு குளத்தடியில் குந்தியிருந்து சொன்னார். அமோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை அவ்வளவு நஞ்சில்லாத நைட்ரேட்டாக்கும் பக்டீரியா அந்த வழுவழுப்பில்தான் ஒட்டி வாழ்கிறது, பைப் தண்ணீரில் உள்ள குளோரின் பட்டால் செத்துவிடும், முதலில் இருந்து வளர நாலு முதல் ஆறு வாரம்கூட ஆகும். நான் அந்த வாரம் எல்லா ஸ்பொஞ்சையும் ஒரே நாளில் பைப்பில் பளபளவென்று கழுவி வைத்திருந்தேன் என்பதைக் கேட்டும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பதினொரு மணிவரை இருந்தார், ஓட்டோக் காசும் வாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவியோடு பேசியபோதுதான் மிச்சம் தெரிந்தது. பில்டரில் பாதியை எனக்குத் தந்ததால், தன் குளம் தாங்க வேண்டுமே என்று அவர் அவ்வளவு நாளும் தன் மீன்களுக்குப் பாதி இரைதான் போட்டாராம். அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

கடை பூட்டிய பிறகும் திறந்து குளோரின் போக்கும் மருந்து தந்த அண்ணா, நைட்ரைட் ஏறிய நாட்களில் மீன்களைக் காக்கக் குளத்தில் போட அயடின் சேராத உப்பு தேடி அலைந்த மேல்மாடி அக்கா, கரண்ட் போன இரவு இன்வேர்ட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுத் தம்பிமார், பாதி ராத்திரியிலும் போனை எடுத்த எல்லாரும், உங்களுக்கும் மனதார நன்றி.

இனி ஒரு தடவைக்கு ஒரு ஸ்பொஞ்ச்தான், அதுவும் குளத்துத் தண்ணீரை வாளியில் அள்ளி, அதில் மெதுவாகப் பிழிந்து. அடுத்தது இரண்டு வாரம் கழித்து. பைப்புக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், வீட்டில் வேறு யாரும் மறக்கக்கூடாது அல்லவா.

அங்கிள், உங்கள் நீல வாளி இன்னும் இங்கேதான் இருக்கிறது. வெறும் வாளியாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருகிறோம்.