மேய்ச்சல் புறம்போக்கில் மரம் நடக் குழி வெட்டுவதை நிறுத்தக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்
பொருள்: கௌதாரி அடையும் கொழுக்கட்டைப் புல் நிலத்தைக் காப்பது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆடியில் ஒரு மனு, ஐப்பசியில் ஒரு மனு கொடுத்தோம். ரசீது இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, பதில்தான் இல்லை. தாங்கள் கோயிலுக்கு வரும்போது கிளுவை வேலியோரம் தெரியுமே, அதே மேய்ச்சல் புறம்போக்குதான்.

1. எங்கள் காங்கேயம் மாட்டுக்கும் செம்மறிக்கும் தீவனம் கொழுக்கட்டைப் புல். கௌதாரி முட்டையிடுவதும் அந்தப் புல் தூரடியில்தான். இரவில் வெள்வேல மரத்தில் அடையும். மாற்றி மாற்றி மேய்த்துப் புல்லை மிச்சம் விடுவதால் ஆடுமாடும் கௌதாரியும் பிழைக்கின்றன.

2. போன சித்திரையில், தரிசில் மரம் நடுகிறோம் என்று பொக்லைனை இறக்கினார்கள். தரிசு என்று யார் சொன்னது ஐயா? கோடையில் காய்ந்து கிடக்கும், ஒரு மழை பெய்தால் தூரிலிருந்து துளிர்க்கும். அதை வேரோடு வழித்தெடுத்துவிட்டார்கள். என் பட்டிக்குப் பக்கத்துக் குழிமேட்டில் ஏழு முட்டை கிடந்தன. ஐந்து நசுங்கி, இரண்டு முழுசாக. பெட்டை மறுநாள் விடியலிலும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. சரி, நட்ட மரக்கன்றாவது பிழைத்ததா? தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஆனிக் காற்றில் அத்தனையும் சருகு. கிளறிய மண்ணில் இப்போது சீமைக்கருவேலம். நெற்றைத் தின்ற ஆடு புழுக்கை போட்ட இடமெல்லாம் முளைக்கிறது. அதனடியில் புல் வராது. புல் இல்லாவிட்டால் பூச்சி ஏது, குஞ்சுக்கு இரை ஏது? இதைச் சொல்லத்தான் இரண்டு மனு! வந்து பார்க்க ஒருவருக்குக்கூடவா நேரமில்லை?

3. அப்புறம் வலைக்காரர்கள். என் அப்பாவும் கண்ணி வைத்தவர்தான், மறைக்கவில்லை. இவர்கள் வண்டியில் வந்து, கூண்டுக் கௌதாரியைக் கத்தவிட்டுக் கும்பலாகப் பிடிக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் எங்களுக்கு மட்டும்தானா?

4. வாய்க்கால் பக்கத்து மீதி நிலத்திலும் குழி வெட்டச் சுண்ணாம்புக் குறி போட்டாயிற்று. வேண்டாம் ஐயா.

ஆகவே, குழி வெட்டுவதை நிறுத்த உத்தரவிட வேண்டுகிறோம். மரம்தான் வேண்டுமென்றால் வேலியோரம் நாலு வெள்வேல் வையுங்கள். சீமைக்கருவேலக் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். கூலிக்குப் பணம் இல்லையென்றால் நாங்களே பிடுங்குகிறோம், எழுத்தில் அனுமதி மட்டும் கொடுங்கள். மறுபடி சித்திரை வருகிறது, கௌதாரி முட்டையிடும் காலம். அதற்கு முன் அந்தச் சுண்ணாம்புக் குறியை அழிக்கச் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஊர் ஆட்டுக்காரர்கள் சார்பில்,
கொரங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) விவசாயி