ஸ்டெப்னி மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம். பெங்களூருல நம்ம பசங்க லீவு விட்டா போதும், ஜீப்ப எடுத்துக்கிட்டு சக்லேஷ்பூர், குடகு பக்கம் மலைப்பாதைக்குக் கிளம்பிடறாங்க, சந்தோஷம்தான், ஆனா டிக்கியத் திறந்தா ஸ்பீக்கரும் சிப்ஸும்தான் இருக்கு.

வண்டியோட வர்ற ஜாக்கி தார் ரோட்டுக்குத்தான் சரி, சேத்துல வெச்சா வண்டி மேல ஏறாது, ஜாக்கிதான் கீழ இறங்கும், அடியில போட கனமான பலகை ஒண்ணு வேணும். டயர் கடையில காத்து கன் (நட்டு முறுக்கற மெஷின்) வெச்சு முறுக்கின நட்டு அந்தக் குட்டி ஸ்பேனருக்கு அசையவே அசையாது, ஸ்பேனர்ல சொருகி நெம்ப நீளமா ஒரு இரும்பு பைப் வெச்சுக்கணும். மணல்ல காத்த 18-20 பிஎஸ்ஐக்கு இறக்கினா டயருக்குப் பிடிப்பு வரும், ஆனா ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏத்தணுமே, அதுக்கு 12 வோல்ட் கம்ப்ரஸர் கட்டாயம். ஃபியூஸ், ஃபேன் பெல்ட், கூலன்ட் எல்லாம் சின்ன செலவுதான்.

முக்கியமா, சிக்கின வண்டிய இழுக்கறப்ப பின்னாடி டிரெய்லர் கோக்கறதுக்கு இருக்கிற இரும்பு உருண்டையில இழுக்கற பெல்ட்ட மாட்டவே மாட்டாதீங்க, அது பிச்சுக்கிட்டுப் பறந்து வந்து ஆளுங்க செத்திருக்காங்க. பெல்ட்ட வண்டியோட கோக்கற இரும்புக் கொக்கி, அதான் ஷாக்கிள், எவ்வளவு எடை தாங்கும்னு பொறிச்சிருக்கிறதா பாத்து வாங்குங்க.

மழை சீசனுக்கு முன்னாடி உங்க பேப்பர்ல இதப் பத்தி படத்தோட ஒரு பக்கம் போடுங்க சார்.

வாசகர், அல்சூர், பெங்களூரு