சங்கத்து ரைபிள்மேல் குற்றமில்லை: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் துப்பாக்கி சுடும் சங்கத்தில் ஆயுத பூஜை, குடியரசு தினக் கொடியேற்றம், பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடைப் பயிற்சி மூன்றும் வழக்கம்போல் நடந்தன.

போன பொதுக்குழுவில் "சங்கத்து ரைபிள் ரெண்டுமே சரியில்லை, புதுசு வாங்கணும்" என்று எழுந்த சத்தம் நினைவிருக்கும். 10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. அது தவறினால் பழியைத் துப்பாக்கிமேல் போடத் தோன்றும்தான். ஆனால் புது ரைபிளுக்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டும். எனவே பழைய மேசை ஒன்றில் வைஸ் என்னும் இறுக்குப் பிடியைப் பொருத்தி, ரைபிளின் கட்டையை ரப்பர் வைத்து இறுக்கி, சுடுபவரின் கைப்பிழை கலக்காதபடி ஞாயிறுதோறும் சோதனை நடத்தினோம். இந்த யோசனையைச் சிலர் வேண்டாத வேலை என்றார்கள். முடிவைக் கேளுங்கள்.

முதல் ரைபிளில் பத்து பெல்லட்டும் (சிறு ஈயக் குண்டு) ஒரே ஓட்டைக்குள் போயின. அதன்மேல் குற்றமில்லை. இரண்டாவது, சுடச்சுடக் குரூப்பை, அதாவது ஓட்டைகள் சேர்ந்து விழும் பரப்பை, விரித்தது. பிரித்துப் பார்த்தால், கட்டையோடு பேரலை (குழலை) பிடிக்கும் ஸ்க்ரூ விரலாலேயே சுழன்றது! இறுக்கியதும் குரூப் பாதியானது. மீதிக் கோளாறு பெல்லட்டில். மலிவு டப்பாவில் பாவாடை, அதாவது பெல்லட்டின் பின்பக்க விளிம்பு, நசுங்கியவை நிறைய. 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று பெல்லட்டின் தலையளவு மாற்றிச் சுட்டதில் ஒன்று நன்றாகப் பொருந்தியது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினோம். பெல்லட், ஸ்க்ரூ, குறிபார்க்கும் சைட் மூன்றிலும் ஒரே நாளில் கைவைத்தால் எது குணமாக்கியது என்றே தெரியாது.

ரைபிள் தேறியபின் மிச்சம் நாம்தான். குரூப் நெருக்கமாக, ஆனால் ஓரமாக விழுந்தால் சைட்டைத் திருப்பினால் போதும். மேலும் கீழுமாக நீண்டால் மூச்சையும் பாருங்கள், ரைபிளின் காற்று சிலிண்டர் அழுத்தத்தையும் பாருங்கள். பக்கவாட்டில் சிதறினால் குறிபார்த்து நின்று கண்ணை மூடித் திறங்கள். குறி விலகியிருந்தால் கையால் தள்ளாமல் பாதத்தை நகர்த்துங்கள்.

பெரிதாகச் சத்தம் போட்டவர்கள் எந்த ஞாயிறும் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் சந்தா பாக்கிப் பட்டியலிலும் இருப்பது தற்செயல் என்றே நம்புகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு இருக்கிறது; பெருமையாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பெல்லட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் ஆன செலவு அடியேனுடையது. பில் கொடுத்திருக்கிறேன், அவசரமில்லை.

வைஸ் தந்த லேத் பட்டறைக்காரருக்கும், தேநீர் தந்த காவலாளிக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு காற்று சிலிண்டர்களின் காலாவதித் தேதி வருகிறது. தேதி கடந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது. சந்தா வந்தால் வாங்கலாம். செயலாளர் பொறுப்பில் யாருக்காவது ஆர்வமிருந்தால் சாவியை இன்றே தருகிறேன். மேசையை மட்டும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்