பீதரில் இருக்கும் மகனுக்கு

சிரஞ்சீவி தம்பிக்கு அப்பா எழுதுவது. இவ்விடம் நானும் அம்மாவும் நலம். அங்கே நீ, மருமகள், பேத்தி மூவரும் நலம்தானே?

போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் 'டியூட்டி இருக்கிறது அப்பா' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். பிசானப் பயிர் நன்றாகப் பச்சை பிடித்திருக்கிறது. கூந்தன்குளத்திற்கு வரித்தலை வாத்துகள் வந்துவிட்டன. சாயங்காலம் அவை அம்பு முனைபோல் வரிசை கட்டி நம் வயலைத் தாண்டிப் போகும்போது, "மெரினாவில் பார்த்தோமே, அதே மாதிரி" என்கிறாள் அம்மா. ஒவ்வொரு நாளும் சொல்கிறாள்.

2024 அக்டோபர் 6-ஆம் தேதி விமானப்படை சாகசம் பார்க்க மெரினாவுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான். அன்றைய வெயிலையும் கூட்டத்தையும் நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. வேடிக்கை பார்க்க வந்த ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. ஆனாலும் விமானப்படையின் சாகசக் குழுவான சூரியகிரண் அணியின் ஒன்பது ஹாக் விமானங்களும் ஒன்றாக வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மா வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். அவை பிரிந்து திசைக்கு ஒன்றாகப் போகும், இவளுக்கு எண்ணிக்கை தவறும். மறுபடி சேரும்போது முதலிலிருந்து எண்ணுவாள். 'ஒன்பது' என்று முடித்த பிறகுதான் மூச்சு விட்டாள். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் அந்தப் புகை எப்படி வருகிறது என்று கேட்டான். எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்றில் டீசலைச் செலுத்தினால் அது ஆவியாகி வெள்ளைப் புகையாகும் என்று நீ எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். என் மகன் பீதரில் இதே ஹாக் விமானத்தில் பயிற்சி ஆசிரியர் என்றும் சொன்னேன். எழுந்து நின்று என் கையைக் குலுக்கினான்.

இறக்கைக்கும் இறக்கைக்கும் இடையே ஐந்து மீட்டர்தான் விடுவார்களாமே? சென்ற வாரம் டேப்பை எடுத்துக் கொல்லையில் அளந்து பார்த்தேன். கிணற்றுச் சுவருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவே அவ்வளவு இருக்கிறது. அம்மா துணி காயப்போடும் இடம். அந்த இடைவெளியோடு தலைகீழாகப் பறப்பதை எண்ணியபடி வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

பொங்கலுக்கு மேலத்தெரு மருமகப்பிள்ளை வந்திருந்தார். உன் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனில்தானே அவருக்கும் வேலை. பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். நான் துருவிக் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

காலையில் வெறும் வயிற்றோடு விமானம் ஏறாதே. இரவு நேரத்தோடு படு.

2011-இல் பயிற்சி விமானங்கள் போதவில்லை என்று சூரியகிரண் அணி அப்போது ஓட்டிய கிரண் விமானங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு அணியையே நிறுத்தி வைத்தார்களே, அப்படியே விட்டிருக்கலாம் என்கிறாள் அம்மா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடற்கரையில் அண்ணாந்து பார்த்த சிறுவர்களில் நாலு பேருக்காவது அன்று விமானப்படை ஆசை பிறந்திருக்கும். அந்த அணி வேண்டும். ஒன்பது பேரும் தலைவரின் குரலை நம்பி, ஒருவரை ஒருவர் நம்பிப் பறப்பது சாதாரணக் காரியமா? அதற்குத் தகுதியானவன் என்று ஒருவனை நினைக்கிறார்கள் என்றால், அவனைப் பெற்றவனுக்கு அதைவிடப் பெருமை என்ன இருக்கிறது?

ஆனால் 2019 பிப்ரவரி 19 அன்று பெங்களூரு எலகங்காவில் ஒத்திகையின்போது அந்த அணியின் இரண்டு ஹாக்குகள் மோதியதையும் நான் மறக்கவில்லை. இருவர் குதித்துத் தப்பினார்கள். ஒருவர் தப்பவில்லை. 2025 நவம்பரில் துபாயில் சாகசத்தின்போது நம் தேஜஸ் போர் விமானம் விழுந்ததே, அந்தப் பிள்ளையின் தகப்பனார் மகனுடைய சாகசத்தைப் பார்க்கலாம் என்று யூடியூபில் தேடிக்கொண்டிருந்தாராம். அப்போதுதான் விமானம் விழுந்த செய்தி அவர் கண்ணில் பட்டதாம். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

நீ எதையும் முடிந்த பிறகு சொல்கிறவன். விமானப்படைத் தேர்வு எழுதியதைக்கூட ரிசல்ட் வந்த பிறகுதான் சொன்னாய். அன்று தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தேன். முன்பே என்னிடம் சொல்லவில்லையே என்ற வருத்தத்தை யாரிடமும் காட்டவில்லை. இனி அப்படிச் செய்யாதே. நல்லதோ கெட்டதோ, உன் வாயால் எனக்குத் தெரிய வேண்டும். மேலத்தெருவிலிருந்தும் வேண்டாம், போன் திரையிலிருந்தும் வேண்டாம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மருமகளுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் அவளிடம் சொல்.

பங்குனி உத்திரத்திற்கு வர முயற்சி செய். சாஸ்தா கோவிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொல்லியிருக்கிறேன். கருப்பட்டியும் பனங்கிழங்கும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கிழங்கை உடனே அவித்துவிடச் சொல். வேளைக்குச் சாப்பிடு, நேரத்தோடு படு.

ரயிலில் இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறார்கள், திறந்த அன்றே தீர்ந்தும் போகிறது. எந்த ஊர், எந்தத் தேதி என்று தெரிந்த உடனே எழுது. இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா